சி நிரலில் மெமரியைச் சுத்தம் செய்வதும் சுருக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் 64 பிட் லினக்ஸ், ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலர், ஜிலிப்சி (லினக்ஸில் வழக்கமான சி நூலகம்) ஆகியவற்றை வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மைக்ரோகன்ட்ரோலருக்குத் தனிக் கேள்வி உண்டு. உதாரண வரிகளில் மாறிகளின் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறோம். சி சொற்கள், கொடிகள், கருவிகளின் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்ப்பாக வருகின்றன, நிரலில் அவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

பழைய சி நிரல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மெமரியை அள்ளித் தின்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பிழைகள், பிறகு அளவீடு, கடைசியில்தான் சுருக்கல். இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். எல்லை தாண்டி எழுதும் நிரலில் ஸ்ட்ரக்டின் உறுப்புகளை இடம் மாற்றினால், இதுவரை வெற்று இடத்தில் விழுந்துகொண்டிருந்த எழுத்து இப்போது உயிருள்ள மதிப்பின் மேல் விழும். நீங்கள் செய்த மாற்றம்தான் நிரலைக் கெடுத்தது என்று பழி வரும். உண்மையில் பிழை பல வருடமாக அங்கேயே இருந்திருக்கும்.

தவறான மெமரி அணுகலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரைக் கம்பைலரில் போட்டு எல்லா சோதனைகளையும் ஓட்டுங்கள். அது சுத்தமாக வந்த பிறகு, எந்த வரி எவ்வளவு கேட்கிறது என்பதை மாசிஃப் அல்லது ஹீப்ட்ராக் என்ற அளவீட்டுக் கருவி கொண்டு பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்கள்தான் பெரும்பங்கைப் பிடித்திருக்கும். அவற்றை மட்டும் தொட்டால் போதும். மீதியில் பைட் பைட்டாக மிச்சம் பிடிப்பது படிக்கிறவருக்குத் தொல்லை, நிரலுக்குப் பயனில்லை.

டாப் கட்டளையில் பல எண்கள் வருகின்றன. எதை நம்புவது?

விர்ட் என்பது முகவரி வெளியில் ஒதுக்கி வைத்த அளவு. நிரல் அதைத் தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரெஸ் என்பது இப்போது ராமில் உட்கார்ந்திருக்கும் பக்கங்கள். ஆனால் பிற நிரல்களோடு பகிரும் நூலகப் பக்கங்களும் அதில் சேர்ந்துவிடும். இந்த நிரலின் நியாயமான பங்கு தெரிய வேண்டுமானால் ப்ராக் அடைவில் அதன் எண்ணுக்குக் கீழே இருக்கும் எஸ்மேப்ஸ்_ரோல்அப் கோப்பில் பிஎஸ்எஸ் வரியைப் பாருங்கள். பகிரும் பக்கத்தை எத்தனை நிரல்கள் பகிர்கின்றனவோ, அத்தனையால் வகுத்துக் கணக்கிட்ட எண் அது.

இதனால்தான் 1 ஜிபி மாலாக் செய்தாலும் (மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன் அது) ரெஸ் அசையாமல் இருக்கிறது. லினக்ஸ் இயல்பாக, முதல் முறை எழுதும்போதுதான் பக்கத்தைத் தருகிறது. இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மாலாக் நல் (எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டர்) தரவில்லை என்பதால் மெமரி உறுதியாகக் கிடைத்துவிட்டது என்று ஆகாது. பின்னால் எழுதும்போது கர்னல் நிரலையே கொன்றுவிடலாம். அதற்காக நல் சோதனையை விட்டுவிடாதீர்கள். முகவரி வெளிக்கு வரம்பு வைத்த சூழலிலும், தவறான பெரிய அளவைக் கேட்கும்போதும் நல் வரத்தான் செய்யும்.

வால்கிரைண்டா, அட்ரஸ் சானிட்டைசரா?

மெமரிப் பிழை தேடும் இந்த இரண்டு கருவிகளும் வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. சானிட்டைசர் போட்டுக் கம்பைல் செய்ததை வால்கிரைண்டில் ஓட்ட முடியாது.

சானிட்டைசர் நிரலைச் சுமார் 2 மடங்குதான் மெதுவாக்கும். ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் குறிப்பு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அணுகலையும் சோதிக்கும். ஸ்டாக் அரே, குளோபல் அரே இவற்றின் எல்லை தாண்டுவதையும் பிடிக்கும். வால்கிரைண்டால் பெரும்பாலும் இவற்றைப் பிடிக்க முடியாது. வால்கிரைண்டோ நிரலைப் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக்கும். ஆனால் திரும்பக் கம்பைல் செய்யத் தேவையில்லை, மதிப்புப் போடாத மெமரியைப் படித்து முடிவெடுப்பதையும் காட்டிக்கொடுக்கும். அட்ரஸ் சானிட்டைசருக்கு அது தெரியாது.

கம்பைல் செய்யும்போது -எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ், -ஜி, -ஓ1, -எஃப்நோ-ஒமிட்-ஃபிரேம்-பாயிண்டர் ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். கடைசியை விட்டால் பிழை அறிக்கையில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை அரைகுறையாக வரும்.

சானிட்டைசர் போட்ட நிரலில் மெமரி அளவை அளக்காதீர்கள். விடுவித்த துண்டுகளை அது உடனே திரும்பத் தராமல் இயல்பாக 256 எம்பி வரை தனியே பிடித்து வைக்கும், விடுவித்ததைத் தொடுகிறீர்களா என்று பார்க்க. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு லீக் (விடுவிக்காமல் விட்ட மெமரி) தேடினால் நாள் வீணாகும்.

வால்கிரைண்ட் நான்கு வகை லீக் சொல்கிறதே, எதை முதலில் சரிசெய்ய?

டெஃபினிட்லி லாஸ்ட் என்பதை. அதற்குப் போகும் பாயிண்டர் எங்குமே இல்லை என்று பொருள். இன்டைரக்ட்லி லாஸ்ட் என்பது அதற்குள் தொங்கிக்கொண்டிருந்தவை. ட்ரீயின் வேரைத் தொலைத்தால் கிளைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும், வேரைச் சரிசெய்தால் பெரும்பாலும் தானாக மறையும். பாசிப்லி லாஸ்ட் வந்தால், துண்டின் நடுப்பகுதிக்கு மட்டும் பாயிண்டர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஸ்டில் ரீச்சபிள் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஒன்றே ஒன்று: ஓட ஓட அது வளர்கிறதா? 10 நிமிடம் ஓட்டியும் 60 நிமிடம் ஓட்டியும் ஒப்பிடுங்கள். வளர்ந்தால் அது பாயிண்டர் இருந்தும் யாரும் திரும்பிப் பார்க்காத கேஷ் அல்லது பட்டியல். எந்தக் கருவியும் அதை லீக் என்று சொல்லாது, ஆனால் சர்வரை விழவைப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

ஒரு ஃபங்ஷனில் ஏழெட்டு ரிட்டர்ன் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மெமரியை விடுவிக்கும் ஃப்ரீ எழுதுவதா?

வேண்டாம். கோட்டூவைப் பயன்படுத்துங்கள். கோட்டூ கூடாது என்று பாடத்தில் படித்ததைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். லினக்ஸ் கர்னல் முழுக்க இந்த முறைதான்.

எல்லாப் பாயிண்டர்களையும் ஃபங்ஷனின் தலைப்பிலேயே நல் என்று தொடங்குங்கள். விளைவு என்ற இன்ட் மாறியில் -1 போடுங்கள். எங்கே தோற்றாலும் `கோட்டூ முடிவு;` என்று ஒரே லேபிளுக்குத் தாவுங்கள். எல்லாம் நல்லபடி நடந்தால் கடைசியில் விளைவை 0 ஆக்கி, அதே லேபிளுக்குள் இயல்பாக விழவிடுங்கள். அங்கே:

```
முடிவு:
    ஃப்ரீ(அட்டவணை);
    ஃப்ரீ(தாங்கி);
    இஃப் (கோப்பு != நல்) எஃப்குளோஸ்(கோப்பு);
    ரிட்டர்ன் விளைவு;
```

கோப்புக்கு மட்டும் ஏன் தனிச் சோதனை? ஃப்ரீக்கு நல் கொடுத்தால் ஒன்றும் நடக்காது, சி தரநிலையே அதற்கு உத்தரவாதம் தருகிறது. எஃப்குளோஸுக்கு அப்படி உத்தரவாதம் இல்லை. நல் கொடுத்தால் நிரல் விழலாம். இந்த வேறுபாடு தெரியாமல் எழுதிய துப்புரவுப் பகுதி, கோப்பு திறக்காத அன்றைக்குத்தான் வெடிக்கும்.

அட்டவணையை வெளியே தருகிற ஃபங்ஷன் என்றால், வெற்றியின்போது வெளிப் பாயிண்டருக்கு மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை நல் ஆக்குங்கள். உரிமை கைமாறியது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

ஃப்ரீ செய்த பின் பாயிண்டரை நல் ஆக்குவது கட்டாயமா?

ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் பாயிண்டர் என்றால் ஆம். ஃபங்ஷன் முடியப்போகும் லோக்கல் மாறிக்குத் தேவையில்லை. ஆனால் இதை மருந்தாக நம்பாதீர்கள். அதே துண்டுக்கு இன்னொரு பாயிண்டர் வேறு இடத்தில் இருந்தால் அது நல் ஆவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஓர் உரிமையாளர், மற்றவர்கள் பார்வையாளர்கள் என்று ஹெடர் கோப்பில் ஃபங்ஷனுக்கு மேலேயே எழுதி வைப்பதுதான் தீர்வு. "திரும்பி வரும் பாயிண்டரை அழைத்தவர் விடுவிக்க வேண்டும்" என்ற ஒரு வரிக் குறிப்பு எத்தனையோ இரட்டை ஃப்ரீயைத் தடுக்கும்.

ரீஅலாக்கில் என்னென்ன தப்பு நடக்கிறது?

வாங்கிய துண்டின் அளவை மாற்றும் ஃபங்ஷன் அது. நடக்கும் தப்புகள் நான்கு.

`பட்டியல் = ரீஅலாக்(பட்டியல், புதுஅளவு);` என்று எழுதுவது முதலாவது. ரீஅலாக் தோற்றால் நல் வரும், ஆனால் பழைய துண்டு அப்படியே இருக்கும். அதன் ஒரே பாயிண்டரை நீங்கள் நல்லால் அழித்துவிட்டீர்கள். தற்காலிக மாறியில் வாங்கிச் சோதித்த பிறகே பட்டியலுக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, பட்டியலின் உள்ளே சுட்டும் பாயிண்டர்கள். ரீஅலாக் துண்டை இடம் மாற்றினால் அவை எல்லாம் செல்லாக்காசு. சிறிய சோதனைத் தரவில் துண்டு இடம் மாறாமல் அங்கேயே வளர்வதால் இந்தப் பிழை சோதனையில் மாட்டுவதே இல்லை. பாயிண்டருக்குப் பதில் எத்தனையாவது உறுப்பு என்ற எண்ணை வையுங்கள்.

மூன்றாவது, பெருக்கலில் வழிவது. 32 பிட் கணினியில் 16 பைட் உறுப்புகள் 26,84,35,457 வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு எண் வந்தால், பெருக்கல் வழிந்து வெறும் 16 பைட் கேட்டதாக ஆகும். ஒதுக்கீடு வெற்றி பெறும், அதன் பின் எழுதுவதெல்லாம் அடுத்தவர் இடத்தில். எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியே வாங்கும் காலாக் இந்தப் பெருக்கலைச் சோதிக்கும். ரீஅலாக்குக்கு இணையானது ரீஅலாக்அரே, ஜிலிப்சியில் 2.26 பதிப்பிலிருந்து இருக்கிறது.

நான்காவது, அளவாக 0 கொடுப்பது. நூலகத்துக்கு நூலகம் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்ததை சி23 தரநிலை வரையறுக்கப்படாத நடத்தை (எதுவும் நடக்கலாம்) என்றே அறிவித்துவிட்டது. விடுவிக்க வேண்டுமென்றால் ஃப்ரீ என்றே எழுதுங்கள்.

வளர்ச்சி விகிதம் பற்றியும் கேட்பார்கள்: ஒவ்வொன்றாக வளர்க்காதீர்கள். 1.5 அல்லது 2 மடங்காக வளர்த்து, ஏற்றி முடித்த பின் சரியான அளவுக்கு ஒருமுறை சுருக்குங்கள்.

ஸ்ட்ரக்டில் உறுப்புகளைக் கூட்டினால் 20 பைட்தான் வருகிறது. சைஸ்ஆஃப் 40 என்கிறதே?

இடைவெளிகள். ஒவ்வொரு வகையும் தன் சீரமைப்பு எல்லையில்தான் தொடங்க வேண்டும்: 8 பைட் டபுள் 8-ஆல் வகுபடும் இடத்தில், 2 பைட் ஷார்ட் 2-ஆல் வகுபடும் இடத்தில். சி கம்பைலர் உறுப்புகளின் வரிசையை மாற்றக் கூடாது என்பது விதி, ஆகவே நடுவில் வெற்று பைட்களைத் திணிக்கிறது. நீங்கள் சொன்ன கணக்கு இப்படி இருக்கும்:

- சார் கொடி: 0-இல், 1 பைட். பின் 7 பைட் வெற்று.
- சார் *பெயர்: 8-இல், 8 பைட்.
- ஷார்ட் வகை: 16-இல், 2 பைட். பின் 6 பைட் வெற்று.
- டபுள் மதிப்பு: 24-இல், 8 பைட்.
- சார் நிலை: 32-இல், 1 பைட். பின் 7 பைட் வெற்று.

கடைசி 7 எதற்கு என்றால், இதை அரேயாக அடுக்கும்போது அடுத்த ஸ்ட்ரக்டும் 8-ஆல் வகுபடும் இடத்தில் தொடங்கியாக வேண்டும்.

பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள்: பெயர், மதிப்பு, வகை, கொடி, நிலை. உறுப்புகள் 20 பைட்டில் முடியும், வாலில் 4 பைட் வெற்று, மொத்தம் 24. பத்து லட்சம் பதிவுகள் என்றால் 4 கோடி பைட் 2.4 கோடியாகும். ஒரு வரிகூட லாஜிக் மாறவில்லை.

கையால் கணக்குப் போட வேண்டாம். -ஜி கொடுத்துக் கம்பைல் செய்த கோப்பின் மேல் பாஹோல் கருவியை ஓட்டினால் ஒவ்வொரு ஸ்ட்ரக்டிலும் எங்கே எத்தனை பைட் ஓட்டை என்று காட்டிவிடும். மாற்றிய பின் ஸ்டாட்டிக்_அசர்ட் மூலம் அளவு 24 தான் என்று நிரலிலேயே பூட்டி வையுங்கள். நாளைக்கு யாராவது பெயருக்கும் மதிப்புக்கும் நடுவில் ஒரு சார் சேர்த்தால் கம்பைல் ஆகாது.

ஒரே எச்சரிக்கை: இந்த ஸ்ட்ரக்ட் அப்படியே கோப்பில் எழுதப்படுகிறதா, நெட்வொர்க்கில் போகிறதா, தனியாகக் கம்பைல் ஆன நூலகத்துக்குள் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஆம் என்றால் வரிசை என்பது ஒப்பந்தம், உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

அதற்குப் பதில் பேக்டு என்று போட்டுவிட்டால்?

வெற்று பைட் போய்விடும், சீரமைப்பும் போய்விடும். எக்ஸ்86-இல் ஓடிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் டபுளின் முகவரியை எடுத்து வேறு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் அது வரையறுக்கப்படாத நடத்தை. கார்டெக்ஸ் எம்0 போன்ற சிப்களில் சீரற்ற முகவரியில் படித்தாலே ஹார்டு ஃபால்ட் என்ற வன்பொருள் பிழை. வன்பொருள் ரெஜிஸ்டர், நெட்வொர்க் பாக்கெட் போன்றவற்றின் வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் என்றால் மெம்காப்பி செய்து எடுப்பதே மேல்.

சின்னச் சின்ன மாலாக் லட்சக்கணக்கில் இருக்கிறது. அதில் என்ன நஷ்டம்?

ஜிலிப்சியில் ஒவ்வொரு துண்டுக்கும் 8 பைட் தலைப்பு உண்டு, மொத்தம் 16-இன் மடங்காகும், குறைந்தது 32 பைட். 1 பைட் கேட்டாலும் 24 கேட்டாலும் செலவு 32. 25 கேட்டால் 48.

இன்ட் மதிப்பும் அடுத்த பாயிண்டரும் உள்ள லிங்க்டு லிஸ்ட் கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். சைஸ்ஆஃப் 16, செலவு 32. பத்து லட்சம் எண்களுக்கு 3.2 கோடி பைட். அதையே அரேயில் வைத்தால் 40 லட்சம் பைட். எட்டில் ஒரு பங்கு! நடுவில் செருகுவதற்காக லிஸ்ட் வைத்தோம் என்பார்கள். எத்தனை முறை உண்மையில் செருகுகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

லிஸ்ட் வேண்டியே தீரும் என்றால் கண்ணிகளை ஒரே பெரிய அரேயில் வைத்து, அடுத்தது எது என்பதை 32 பிட் எண்ணாக வையுங்கள். கண்ணி 8 பைட்டாகிவிடும். பெயர் போன்ற நீளம் மாறும் சரங்களை ஸ்ட்ரக்டோடு சேர்த்தே ஒதுக்கலாம்: கடைசி உறுப்பை அளவில்லா அரேயாக அறிவித்து, ஸ்ட்ரக்டின் அளவு, சரத்தின் நீளம், முடிவுக்குறிக்கு 1, மூன்றையும் கூட்டி ஒரே மாலாக். இரண்டு ஒதுக்கீடு ஒன்றாகும், ஒரு பாயிண்டரும் மிச்சம். சி99 முதல் இது முறைப்படி மொழியில் உள்ளது.

அரினா ஒதுக்கீடு எப்போது ஏற்றது?

பல துண்டுகள் ஒரே நேரத்தில் சாகும்போது. ஒரு கோரிக்கை, ஒரு கோப்பின் பார்ஸ், ஒரு ஃபிரேம். முன்கூட்டியே ஒரு பெரிய துண்டு வாங்கி, நிரப்பிய இடத்தைக் குறிக்கும் எண்ணை மட்டும் நகர்த்திக்கொண்டே போவது. வேலை முடிந்ததும் அந்த எண்ணை 0 ஆக்கினால் அத்தனையும் விடுதலை.

```
இடம் = (அரினா->நிரம்பியது + 15) & ~15;
இஃப் (இடம் > அரினா->மொத்தம் || அளவு > அரினா->மொத்தம் - இடம்) ரிட்டர்ன் நல்;
அரினா->நிரம்பியது = இடம் + அளவு;
ரிட்டர்ன் அரினா->தொடக்கம் + இடம்;
```

15-ஐக் கூட்டி மறைப்பதை விட்டுவிட்டால் சீரமைப்பு கெடும். இரண்டாம் வரியில் கூட்டிப் பார்க்காமல் கழித்துப் பார்ப்பதைக் கவனியுங்கள்: இடம் + அளவு வழிந்துவிட்டால் சோதனை பொய்யாகும்.

இதன் விலை என்ன? சானிட்டைசருக்கு அரினா முழுதும் ஒரே துண்டு. உள்ளே ஒரு பொருளிலிருந்து பக்கத்துப் பொருளுக்குத் தாண்டினால் அது கண்ணைக் கட்டியது போல இருக்கும். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீடில், எதிர்முனை சொன்ன நீளத்தை அப்படியே நம்பி 64 கேபி வரை பக்கத்து மெமரியை அனுப்பிவிட்டார்கள். அரினா போலவே, அந்த நூலகமும் விடுவித்த துண்டுகளை மாலாக்கிடம் தராமல் சொந்தப் பட்டியலில் வைத்திருந்தது. சோதனைக் கட்டமைப்பில் அரினாவை அணைத்து நேரடி மாலாக்குக்கு மாற்றும் ஒரு சுவிட்சை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஃப்ரீ செய்துவிட்டேன், ரெஸ் குறையவில்லை. லீக்கா?

பெரும்பாலும் இல்லை. சிறிய துண்டுகள் வாழும் ஹீப் மேல்முனையிலிருந்துதான் தானாகச் சுருங்கும், அதுவும் மேல்முனையில் 128 கேபிக்கு மேல் காலியாக இருந்தால். உச்சியில் ஒரே ஒரு 32 பைட் துண்டு உயிரோடு இருந்தால் அதற்குக் கீழே உள்ள காலி இடம் எல்லாம் நிரலின் கையிலேயே நிற்கும். அடுத்த மாலாக்குக்கு அது பயன்படும், மற்ற நிரல்களுக்குக் கிடைக்காது.

மாலாக்_ட்ரிம்(0) அழைத்துப் பாருங்கள். நடுவில் முழுதாகக் காலியாக உள்ள பக்கங்களையும் திருப்பித் தரும். ரெஸ் சட்டென இறங்கினால் லீக் இல்லை, சிதறல். பெரிய வேலை முடிந்த இடத்தில் ஒருமுறை அழைக்கலாம், லூப்புக்குள் வேண்டாம்.

128 கேபிக்கு மேற்பட்ட துண்டுகள் எம்மேப் என்ற அழைப்பில் கர்னலிடமிருந்து தனியாக வரும், விடுவித்ததும் உடனே போய்விடும் என்று படித்திருப்பீர்கள். பாதி உண்மை. அப்படி ஒரு துண்டை விடுவித்ததும் ஜிலிப்சி அந்த எல்லையை அதே அளவுக்கு உயர்த்திக்கொள்ளும், 32 எம்பி வரை. அடுத்த முறை அதே அளவு ஹீப்பிலிருந்தே வரும். எம்_எம்மேப்_த்ரெஷோல்டு மதிப்பை மாலாப்ட் மூலம் நீங்களே வைத்தால் இந்தத் தானியங்கி உயர்வு நின்றுவிடும்.

த்ரெட் அதிகமாக ஆக விர்ட் எகிறுகிறது. ஏன்?

ஜிலிப்சி, பூட்டுக்காகத் த்ரெட்கள் மோதாமலிருக்கத் தனித்தனி அரினாக்கள் வைக்கிறது (மேலே சொன்ன அரினா வேறு, இது நூலகத்தின் உள்விவகாரம்). 64 பிட்டில் கோர் ஒன்றுக்கு 8 வரை. முதன்மை அல்லாத ஒவ்வொன்றும் 64 எம்பி முகவரி வெளியைப் பிடித்து வைக்கும். விர்ட் மட்டும் ஏறினால் கவலை இல்லை. ரெஸ்ஸும் ஏறினால் மாலாக்_அரினா_மேக்ஸ் சூழல் மாறியை 2 என்று வைத்து ஓட்டி, வேகம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். ஜெமாலாக், மிமாலாக் போன்ற மாற்று நூலகங்களையும் எல்டி_ப்ரீலோடு வழியாகக் கம்பைல் செய்யாமலே சோதிக்கலாம்.

மெமரி குறைந்தால் வேகமும் கூடுமா?

எவற்றைச் சேர்த்துப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எக்ஸ்86-64-இல் ராமிலிருந்து ப்ராசசருக்குள் இருக்கும் கேஷுக்கு 64 பைட் வரியாகத்தான் வரும். 120 பைட் பதிவுகள் பத்து லட்சத்தில் 4 பைட் எண்ணை மட்டும் தேடினால் ஒவ்வொரு பதிவுக்கும் புது வரி ஒன்று, மொத்தம் பத்து லட்சம். எண்களை மட்டும் தனி அரேயாகப் பிரித்தால் ஒரு வரியில் 16 எண்கள், 62,500 வரிகளில் முடிந்துவிடும். அடிக்கடி தொடுவதை ஒரு பக்கம், எப்போதாவது தொடுவதை மறுபக்கம் என்று பிரிப்பது பல நிரல்களில் அல்காரிதத்தை மாற்றுவதைவிட அதிகம் தரும்.

பிட்ஃபீல்டு (ஓர் உறுப்புக்குச் சில பிட் மட்டும் ஒதுக்குவது) பற்றி: இடம் மிச்சம்தான், ஆனால் முகவரி எடுக்க முடியாது. ஒட்டியுள்ள இரு பிட்ஃபீல்டுகளை இரண்டு த்ரெட் எழுதினால் ஒன்று மற்றதை அழிக்கும்.

2 கேபி ராம் உள்ள சிப்பில் என்ன செய்வது?

ஏடிமெகா328பி போன்றதில் 2048 பைட் ராம், 32 கேபி ஃபிளாஷ். இங்கே ஹீப்பே வேண்டாம். எல்லாம் ஸ்டாட்டிக், அளவுகள் கம்பைல் நேரத்திலேயே முடிவு. பாதுகாப்பு சார்ந்த துறைகளில் பின்பற்றும் மிஸ்ரா சி 2012-இன் விதி 21.3 மாலாக் குடும்பத்தையே தடை செய்கிறது.

ஏடிமெகாவின் ஏவிஆர் குடும்பத்தில் கான்ஸ்ட் போட்டாலும் அட்டவணையும் சரங்களும் தொடக்கத்தில் ராமுக்கு நகலாகும், புரோக்மெம் போட்டால்தான் ஃபிளாஷில் நிற்கும். ஆர்ம் கார்டெக்ஸ் சிப்களில் கான்ஸ்ட் போதும். ஆனால் சரங்களின் அரேக்கு இரண்டு கான்ஸ்ட் வேண்டும்: சரத்துக்கு ஒன்று, பாயிண்டருக்கு ஒன்று. இரண்டாவதை மறந்தால் பாயிண்டர்கள் ராமில் போய் உட்காரும்.

சைஸ் கருவியில் டேட்டா, பிஎஸ்எஸ் (டாப் கேள்வியில் வந்தது வேறு, இது தொடக்க மதிப்பில்லாத நிலையான மாறிகளின் பகுதி) இரண்டையும் கூட்டினால் நிலையான ராம் செலவு. மீதிதான் ஸ்டாக்குக்கு. அது எவ்வளவு ஆழம் போகிறது என்று அறிய, தொடக்கத்திலேயே காலி ராம் முழுதும் ஒரே பைட்டை, 170 என்று வைத்துக்கொள்ளுங்கள், நிரப்பிவிட்டு நிரலைக் கடுமையாக ஓட்டுங்கள். பிறகு 170 அழியாமல் எத்தனை பைட் மிச்சம் என்று எண்ணுங்கள். இன்டரப்ட் வரும் நேரத்தில் ஸ்டாக் இன்னும் இறங்கும் என்பதால் மிச்சத்தை முழுதாகச் செலவழித்துவிடாதீர்கள். ஸ்டாக் கீழிறங்கி மாறிகளின் மேல் ஏறினால் இங்கே எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாறிகள் தானாக மாறுவதுபோல் தெரியும், அவ்வளவுதான்.

பெரிய அரேயை ஸ்டாக்கில் வைக்கலாமா?

லினக்ஸில் முதன்மை த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி, ஆனால் ஜிலிப்சிக்கு மாற்றான மசல் நூலகத்தில் புது த்ரெட்டுக்கு 128 கேபிதான். அளவு வெளியிலிருந்து வருமானால் ஸ்டாக் கூடவே கூடாது. -டபிள்யூவிஎல்ஏ கொடியைப் போட்டு வையுங்கள், ஓடும்போது அளவு முடிவாகும் அரே வந்தால் எச்சரிக்கும். -எஃப்ஸ்டாக்-யூசேஜ் கொடுத்தால் ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை பைட் எடுக்கிறது என்று தனிக் கோப்பில் எழுதித் தரும்.

கடவுச்சொல் இருந்த இடத்தை மெம்செட் செய்துவிட்டு ஃப்ரீ செய்கிறேன். போதுமா?

போதாது. அதன் பின் யாரும் அந்த இடத்தைப் படிக்கப்போவதில்லை என்று கண்டு கம்பைலர் மெம்செட்டையே நீக்கிவிடலாம், -ஓ2-வில் அப்படித்தான் செய்கிறது. எக்ஸ்ப்ளிசிட்_பிசீரோ ஜிலிப்சி 2.25 முதல் உள்ளது. சி23-இல் மெம்செட்_எக்ஸ்ப்ளிசிட். ரகசியம் உள்ள தாங்கியை ரீஅலாக்கும் செய்யாதீர்கள். இடம் மாறினால் பழைய நகல் அழியாமல் விடுவிக்கப்பட்ட துண்டில் கிடக்கும். புதிதாக வாங்கி, நகலெடுத்து, பழையதை அழித்து, பிறகு ஃப்ரீ.

நிரல் முடியும்போது எல்லாவற்றையும் ஃப்ரீ செய்ய வேண்டுமா?

இயங்குதளம் மொத்தமாக வாங்கிக்கொள்ளும், கோடிக்கணக்கான கண்ணிகளை ஒவ்வொன்றாக விடுவிப்பது முடிவைத் தாமதப்படுத்துவதுதான் மிச்சம். சோதனைக் கட்டமைப்பில் மட்டும் முழுத் துப்புரவை இயக்குங்கள், லீக் அறிக்கையில் இரைச்சல் இல்லாமல் இருக்கும். நூலகம் எழுதுகிறீர்கள் என்றால் கதை வேறு: உங்களை ஏற்றி இறக்கும் நிரல் நாள்கணக்கில் ஓடலாம், ஆகவே திறந்த ஒவ்வொன்றுக்கும் மூடும் ஃபங்ஷன் கொடுத்தே ஆக வேண்டும்.